மழைநீர் வடிகால்

தோச்சி ஆற்றோரம்
பதினேழு கோபுரங்களைத் தகர்த்த பிறகுதான்
லெப்டினென்ட் தர்க்கெல் கேப்டன் ஆனார்.
கணக்கு என் கையெழுத்தில் இருக்கிறது.
நான் தோலன் தாஸ்,
பன்னூ கடைத்தெருவில் உப்பு விற்றவன் மகன்.
மாதம் முப்பது ரூபாய்க்கு
இரண்டு தரப்பின் வாயும் என் வாய்.

முறை எளியது.
ஒரு துப்பாக்கி களவு போகும்.
ஜிர்கா கூடும், அபராதம் சொல்லப்படும்,
வெள்ளைத் தாடிகள் மலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.
மறுநாள் விடியுமுன்
கோவேறு கழுதைகள் மருந்துப் பீப்பாயோடு ஏறும்.
கோபுரம் ஒருமுறை தும்மும்.
அப்புறம் வெகுநேரம் நாய்கள்.

ஐந்தாவதிலோ ஆறாவதிலோ கவனித்தார்:
எல்லாம் வீடில்லாத பக்கமே விழுகின்றன.
ஒரு கோழிக்கூடுகூட நசுங்கவில்லை.
அடுத்ததை இடிக்குமுன் தடவிப் பார்த்தார்.
அடியிலிருந்து இரண்டு முழம் மேலே,
வடகிழக்கு மூலையில்,
ஒரு சுரைக்காய் கொள்ளுமளவு பொந்து.
அதற்கடுத்ததிலும் அதே பொந்து,
அதே கை.

கொத்தன் பெயர் பயிந்தா.
நாங்கள் இடித்ததை மறுமாதம் கட்டுவான்,
அவன் கட்டியதை நாங்கள் இடிப்போம்.
பிழைப்பில் ஒருவருக்கொருவர் துணை.

தோர் கமரில் காவல்கோட்டை எழுப்ப உத்தரவு வந்தபோது
தர்க்கெல் வேறு யாரையும் தேடவில்லை.

சுவர் ஆளுயரம் வந்த அன்று மாலை
லாந்தரோடு என்னை அழைத்துப்போனார்.
வடகிழக்கு மூலை. இரண்டு முழம்.
விரலை விட்டார், உள்ளே போயிற்று.
"இது எதற்கென்று கேள்."

பயிந்தா கரண்டியைக் கழுவிக்கொண்டே சொன்னான்:
"எங்கள் பையன்கள் இதையும் ஒருநாள் தகர்ப்பார்கள்.
உள்ளே தூங்குகிறவன் யார் பெற்ற பிள்ளையோ."

என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.
பிறகு அதுவாகவே பேசியது:
"மழைநீர் வடிவதற்காம், ஸாஹிப்."

தர்க்கெல் அண்ணாந்து பார்த்தார்.
எட்டு மாதமாக மேகம் தீண்டாத வானம்.
அப்போதுதான் எனக்கு உறைத்தது:
மனிதருக்குப் பஷ்தோ தெரியும்.
தேர்வில் தேறிய பரிசுப் பணத்தில்தான்
அந்தச் சாம்பல் குதிரையை வாங்கியிருந்தார்.
ஜிர்காவில் மட்டும் தெரியாத முகம் வைத்துக்கொள்வார்.

"எழுதிக்கொள்," என்றார். "வடிகால். ஒன்று."

இரண்டு வருடம்
அந்த மூலையில்தான் கட்டில் போட்டுப் படுத்தார்.

இதைக் கேட்டு
அவரை நல்லவர் என்று எண்ணிவிட வேண்டாம்.
மேஜர் ஆன பனிக்காலத்தில்
மூன்று ஊர்களின் கோதுமைக் குதிர்களுக்குத் தீ வைத்தார்.
பயிந்தாவின் தம்பி மகன்
ஆற்றுப் பள்ளத்தில் கிடந்தான்.
அந்தக் கணக்கும் என் கையெழுத்துதான்.
இடுப்பில் ஒரு குண்டு, நெஞ்சில் ஒரு பதக்கம்,
பிறகு பம்பாயிலிருந்து கப்பல்.

பதினோரு வருடம் கடிதம் இல்லை.
நேற்று ஒன்று வந்தது, நடுங்கிய எழுத்து.
தோட்டச் சுவர் சாய்கிறதாம்,
அந்த ஊரில் ஒழுங்காகச் சுவர் வைக்க
ஒரு ஆள் கிடையாதாம்.
கீழே, மை மாறி, ஒரே ஒரு வரி:
"இங்கே தினமும் மழை.
தோர் கமரில் பெய்ததா?"

விளக்கைத் தூண்டிவிட்டு உட்கார்ந்தேன்.
போன மார்ச்சில், பாதி இரவில்,
கோட்டைச் சுவர் ஓடைப் பக்கமாகப் படுத்தது.
உள்ளே ஒன்பது சிப்பாய்கள்
தூசி படிந்த போர்வையோடு எழுந்து உட்கார்ந்து
நட்சத்திரங்களைப் பார்த்தார்களாம்.

"பெய்தது, ஸாஹிப்," என்று எழுதினேன்.
"ஒரே இரவு. தண்ணீர் வடிந்துவிட்டது."

பயிந்தாவுக்கு அந்தக் கோட்டை வேலையில்
நாலு ரூபாய் கூலி பாக்கி.
அவனும் போய்ச் சேர்ந்தான், மகள் இருக்கிறாள்.
அதையும் எழுதலாமா என்று
பேனாவைத் தூக்கிப் பிடித்திருக்கிறேன்,
மை காய்கிறது.